கல்லும் கயிறும்

போன வருஷம் மாசி மாதத்தில் எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. இந்தக் காலத்திலும் கார்டு எழுதுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்களே என்ற சந்தோஷத்தோடு திருப்பிப் பார்த்தேன். தூத்துக்குடி முத்திரை. கையெழுத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையுடையது. விஷயம் மட்டும் பிள்ளை விஷயமாக இல்லை.

"ஐயா, உங்கள் தொடர்கதையை என் பேரன் வாசித்துக் காட்டுகிறான். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் போன வாரம் உங்கள் கதாநாயகன் முத்துக் குளிக்கப் போனபோது தலைகீழாகப் பாய்ந்து, மீன் மாதிரி நீந்திப் பாருக்குப் போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அப்படிப் போனதில்லை. கல்லில் கால் வைத்துத்தான் போவோம். உங்கள் ஆளுக்குக் கல்லும் இல்லை, கயிறும் இல்லை. கல் இல்லாமல் அவன் கீழே போக முடியாது. கயிறு இல்லாமல் போனால் மேலே வர முடியாது. இந்தப் பக்கம் வந்தால் என்னைப் பாருங்கள்."

கடலடியில் முத்துச் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுக்களை அந்தக் கரையில் 'பார்' என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்கிருந்தோ சரியாகப் பிடித்துவிட்டு, மற்றதையெல்லாம் நான் சொந்தச் சரக்காக இட்டு நிரப்பியிருந்தேன்.

கார்டைப் படித்ததும் முதலில் கோபந்தான் வந்தது. குற்றம் சொன்னவர் சரியாகச் சொல்லிவிட்டால் அதைவிடக் கோபம் மூட்டுகிற காரியம் வேறில்லை. அதிலும் நான் கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன். அதற்கு மேல் படிக்கவில்லை என்றாலும், அந்த இரண்டு வருஷத்தில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நெட்டுருப் போட்டு எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். "ஒரு பொருளைத் திரவத்தில் அமிழ்த்தினால், அது ஒதுக்கிய திரவத்தின் எடை எவ்வளவோ, அவ்வளவு எடையை இழந்ததாகத் தோன்றும்." இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் பரீட்சைத் தாளில் எழுதி வைத்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது. கதை எழுதும்போது என் கதாநாயகனுக்கு அது ஒரு துளிகூட உதவவில்லை.

புத்தகமாக வருவதற்குள் திருத்தியாக வேண்டும். தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன்.

"தூத்துக்குடிக்கா?" என்றாள் என் மனைவி. பெட்டியில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அண்ணன் வீட்டுக்கும் போவீங்கள்ல?" என்று கேட்டாள்.

"நேரம் இருந்தா பார்க்கலாம்" என்றேன்.

அந்தப் பேச்சின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்; மறைத்துப் பயனில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், என் புத்தகங்களை நானே வெளியிட்டால் என்ன என்று ஒரு யோசனை தோன்றியது. யோசனை தோன்றியதில் தப்பில்லை. அதைக் காரியத்தில் காட்டியதுதான் தப்பு. அச்சான புத்தகங்கள் வீட்டுக் கூடத்திலும் மச்சிலும் அடுக்கடுக்காய் உயர்ந்தன, கடனும் உயர்ந்தது. அப்போது என் மனைவியின் தமையன், தூத்துக்குடியில் சின்னதாக ஓர் உப்பளம் வைத்திருப்பவர், நான் கேட்காமலே வந்தார். உப்பளத்தின் பேரில் பணம் வாங்கிக் கொடுத்து என் கடனை அடைத்தார். பத்திரம், வட்டி என்று ஒரு பேச்சுப் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு கலியாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அவர் சொன்னார்: "எங்க மாப்பிள்ளை எழுத்துல கெட்டிக்காரர். கணக்குலதான் முழுகிட்டாரு!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் பாயசம் வருவதற்கு முன் எழுந்துவிட்டேன். அன்றையிலிருந்து மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. பணத்தை மாதா மாதம் தவணையாகப் பாங்கி மூலம் திருப்பி அனுப்பினேன், ஒரு வரி எழுதாமல். கடைசித் தவணை போன அன்று கரையேறிவிட்டதாக எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தூத்துக்குடியில் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டுக் கார்டு எழுதிய பெரியவரைத் தேடிப் போனேன். கடற்கரையை ஒட்டிய தெருவில் வீடு. வாசலில் நைலான் வலை காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் எண்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, மார்பு மட்டும் அந்த வயசிலும் பெட்டி மாதிரி அகன்றிருந்தது. 1955-க்கும் 1961-க்கும் இடையில் நடந்த முத்துச் சலாபங்கள்தான் அந்தக் கடலில் கடைசி. அதற்குப் பின் சலாபம் விடுகிற அளவுக்குப் பார்களில் சிப்பி சேரவில்லை. அந்தக் கடைசிச் சலாபங்களில் இவர் மீசை முளைக்காத பையனாகக் குளித்திருக்கிறார். பிறகு சங்கு குளிக்கப் போனார்.

"எழுத்துக்காரத் தம்பியா? வாங்க. கோவமா வந்தீங்களோன்னு நெனச்சேன்" என்றார்.

"கோபந்தான், ஐயா. வழியில் குறைந்துவிட்டது."

அவர் சிரித்தார். "நீச்சல் தெரியுமா?"

"குளத்து நீச்சல் தெரியும்."

"அது போதும். வாங்க, வாயால சொன்னா மறந்துபோவும்."

கரையோரம் கட்டிக் கிடந்த ஒரு வள்ளத்துக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலான தண்ணீரில், என்னை இறங்கச் சொன்னார். பேரனும் அவன் கூட்டாளிகளும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "நல்லா மூச்சை இழுத்து அடக்கிட்டு, அடியில போயி சம்மணம் போட்டு உக்காருங்க. அவ்வளவுதான்" என்றார் பெரியவர்.

இது என்ன பிரமாதம் என்று மூச்சை இழுத்துக்கொண்டு அமிழ்ந்தேன். பாதி வழியில் யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது போல இருந்தது. மேலே வந்துவிட்டேன். மறுபடியும் போனேன், மறுபடியும் வந்தேன். மூன்றாம் தடவை கையைக் காலை உதைத்துக்கொண்டு போனதில் முதுகு மட்டும் வெளியே தெரிந்ததாம். பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? கடல் லேசுல ஆளை உள்ள விடாது. இந்தாங்க" என்று பெரியவர் வள்ளத்திலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் இறக்கினார். கயிற்றில் ஒரு வளையம். அதில் காலை நுழைத்துக்கொண்டேன். கயிற்றை விட்டதுதான் தாமதம், நின்றபடியே நேராக அடிக்குப் போய் மணலில் கால் ஊன்றினேன். ஒரு சிரமமும் இல்லை, கையைக்கூட அசைக்கவில்லை. என் கதாநாயகன் எத்தனை வாரமாக வீணாய் உதைத்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

தலை துவட்டிக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தோம். எதிரே பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றன. "நீங்க எம்புட்டுக் கனம்னு மட்டும் தண்ணி பாக்காது, தம்பி. எம்புட்டு எடம் எடுக்கீங்கன்னும் பாக்கும்" என்றார் அவர்.

இரண்டு வருஷம் நான் நெட்டுருப் போட்டதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லலாமென்றிருக்கிறேன். என்னைப்போல மார்க்குக்காக மட்டும் படித்த வாசகர்கள் இரண்டொருவர் இருக்கக்கூடும் அல்லவா?

நான் இறங்குவதற்கு முன்னால் அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அது கீழே விழவும் இல்லை, மேலே எழவும் இல்லை. சுற்றியிருந்த தண்ணீர் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை விலக்கிவிட்டு அங்கே நான் புகுந்தேன். சுற்றியிருக்கும் தண்ணீருக்கு ஆள் மாறியது தெரியாது. பழைய தண்ணீருக்குக் கொடுத்துவந்த அதே தாங்கலை எனக்கும் கொடுக்கிறது. நான் அந்தத் தண்ணீரைவிடக் கனமானால் தாங்கல் போதாது, முழுகுகிறேன். லேசானால் தாங்கல் மிஞ்சுகிறது, மிதக்கிறேன். சாஸ்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

அடுப்பங்கரையில் இதைத் தினமும் பார்க்கலாம். உளுந்து வடையை எண்ணெயில் போட்டதும் அடியில் போகிறது. உள்ளேயுள்ள ஈரம் ஆவியாகி மாவை உப்பவைத்ததும் மேலே வந்துவிடுகிறது. வடையின் கனம் கூடவில்லை. அது அடைத்துக்கொள்ளும் இடம் கூடிவிட்டது. எதிரே நின்ற தோணியும் அப்படித்தான். அதில் ஆயிரக்கணக்கான இரும்பு ஆணிகள் அடித்திருக்கும். ஒன்றைப் பிடுங்கிக் கடலில் போட்டால் குண்டு மாதிரி போய்விடும். தோணியில் இருக்கும்வரை அதுவும் மிதக்கிறது. இரும்பு தண்ணீரைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு கனம். ஆனாலும் வயிற்றை அகலமாகத் திறந்து காற்றை வைத்துக்கொண்டால் கப்பலாகிவிடுகிறது.

"அப்போ தோணியில் எவ்வளவு காலியிடம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று சொல்லுங்கள்" என்றேன், புரிந்துவிட்ட உற்சாகத்தில்.

"அது எப்படி? வெறும் தோணியைக் காத்து புரட்டிப் போட்ருமே! சரக்கு இல்லேன்னா அடியில கல்லோ மணலோ போட்டுத்தான் பாய் ஏத்தணும். லேசா இருந்தா மட்டும் போதாது. கனம் அடியில இருக்கணும்."

அளவுக்கு மிஞ்சிய கனமும் ஆபத்துத்தான். கப்பல்களின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருப்பதைத் துறைமுகத்தில் பார்க்கலாம். அந்தக் கோடு முழுகும்படி சரக்கு ஏற்றக் கூடாது. இங்கிலாந்தில் முதலாளிகள் ஓட்டைக் கப்பல்களை நன்றாக இன்ஷ்யூர் செய்து, மூக்குமுட்டச் சரக்கேற்றிக் கடலுக்கு அனுப்பிய காலம் ஒன்று உண்டு. கப்பல் வந்தாலும் லாபம், வராவிட்டாலும் லாபம். மாலுமிகளின் வீட்டில்தான் நஷ்டம். சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் ஓயாமல் கூச்சல் போட்டதன் பலனாக 1876-இல் கோடு போடச் சட்டம் வந்தது. அப்போதும் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளிகளிடமே விட்டிருந்தார்கள்! 1890-இல்தான் அந்த உரிமையைப் பிடுங்கினார்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் ஏணிப்படி மாதிரி வேறு சில கோடுகளும் இருக்கும். கடல் நீர் லிட்டருக்குச் சுமார் இருபத்தைந்து கிராம் நல்ல தண்ணீரைவிடக் கனம். ஆகவே ஆற்றுத் துறையில் நிற்கும் கப்பல் கடலுக்கு வந்ததும் சில அங்குலம் உயர்ந்துகொள்ளும். அந்தக் கணக்குக்கான கோடுகளும் அவற்றில் உண்டு.

இந்தப் பேச்சுக்கிடையில் எனக்கு வ.உ.சி.யின் ஞாபகம் வந்தது. தூத்துக்குடிக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் வராது? 1906-இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். 'காலியா', 'லாவோ' என்ற அந்தக் கப்பல்கள் கடலில் முழுகவில்லை. அவற்றைத் தாங்க வேண்டியவர்கள் கரையில் கையை எடுத்துவிட்டார்கள். 1908-இல் அவர் சிறைக்குப் போனார்; கோயமுத்தூர் ஜெயிலில் செக்கிழுத்தார்; உள்ளே இருக்கும்போதே கம்பெனி கலைந்தது. தண்ணீருக்குள்ள விசுவாசம் மனிதர்களுக்கு இருந்திருந்தால் அந்தச் சரித்திரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

"சிப்பியும் அப்படித்தான் தம்பி" என்றார் பெரியவர், நான் என்ன நினைக்கிறேன் என்று தெரியாமலே. "குஞ்சா இருக்கும்போது தண்ணியோட மெதந்து திரியும். அப்பறம் தடிச்சு ஓடு போட்டதும் அடியில எறங்கிப் பாறையைப் பிடிச்சுக்கிடும். நல்ல பாறை வாச்சா பொழைக்கும். மணலு வாச்சா செத்துப்போவும்." பின்னால் நான் புத்தகங்களைப் பார்த்தபோது இது உண்மை என்று தெரிந்தது. சுமார் மூன்று வாரம் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மிதந்துவிட்டுத்தான் முத்துச் சிப்பி அடியில் இறங்குகிறது. நீரோட்டம் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கேதான் அதன் குடித்தனம். ஒரு காலத்தில் கொழித்த பார் வெறும் பாறையாகக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"கல் புரிந்தது, ஐயா. கயிறு எதற்கு?" என்று கேட்டேன். "மனிதன்தான் தானாக மிதக்கிறானே! கல்லை விட்டுவிட்டால் மேலே வந்துவிட மாட்டானா? இப்போது நான் மூன்று தடவை வந்தேனே?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. "நீங்க வந்தது ஆள் உசரத் தண்ணியில. பாரு கெடக்கது எட்டு, ஒம்பது பாகத்துல. அங்க ஆளு மெதக்க மாட்டான்" என்றார்.

இது எனக்கு விளங்கவில்லை. அதே உடம்பு, அதே கடல். மேலே மிதக்கிறவன் கீழே எப்படி மிதக்காமல் போவான்? கிழவர் அனுபவத்தை வைத்து ஏதோ சொல்கிறார், சாஸ்திரம் வேறு என்று நினைத்துக்கொண்டேன். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"ரெண்டு கயிறு தம்பி. ஒண்ணு கல்லுக்கு. அடியில போனதும் காலை எடுத்துருவேன். கல்லை மேல இழுத்துக்கிடுவாவ. இன்னொண்ணு எனக்கு. மூச்சு முடியப்போற நேரத்துல ஒரு சுண்டு சுண்டினா, மேல இருக்கவன் இழுப்பான். எங்க கயித்தைப் பிடிச்சது என் மச்சான். பெஞ்சாதிக்கு அண்ணன்."

இதை நான் முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். மனைவியின் உடன்பிறந்தானைத்தான் கயிறு பிடிக்க வைத்துக்கொள்வார்கள் என்று அந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. கூடப்பிறந்தவளின் தாலி கையில் இருக்கும்போது எவனும் கயிற்றை நழுவவிட மாட்டான் அல்லவா?

"ஒரு நா ராத்திரி அவனுக்கும் எனக்கும் சண்டை" என்று தொடர்ந்தார். "ஒரு வலை விசயம். நான் அவனை ஒரு வார்த்தை சொன்னேன். அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னான். காலையில ஒரே வள்ளத்துலதான் போறோம். மூஞ்சி குடுத்துப் பேசல. வேற ஆளைக் கயிறு பிடிக்கச் சொல்லுன்னு கேக்க எனக்கு ரோசம். அவனும் எந்திரிச்சுப் போவல. கயித்தை எடுத்துக் கையில சுத்திக்கிட்டான். நான் எறங்கிட்டேன்.

"அன்னைக்குச் சிப்பி கொள்ளையாக் கெடந்துச்சு. இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டுன்னு பையில போட்டுக்கிட்டே இருந்தேன். கயித்தைச் சுண்டணும்னு நெனப்பு வரும்போது கை எழும்பல. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. அம்புட்டுத்தான் ஞாபகம். அடுத்தாப்புல வள்ளத்துல கெடக்கேன். மூக்குல ரத்தம்."

"அவராகவே இழுத்துவிட்டாரா?"

"ஆமா. நான் சுண்டவே இல்ல. 'எப்பிடிலே இழுத்தே'ன்னு கேட்டேன். 'எண்ணிக்கிட்டு இருந்தேன்'னான். அவ்வளவுதான் சொன்னான். அன்னைக்கு முழுக்க அப்புறமும் பேசல" என்று பெரியவர் சிரித்தார். "பேச்சுக்கும் கயித்துக்கும் சம்பந்தம் இல்ல தம்பி."

அவருடைய மச்சான் காலமாகி வெகு வருஷமாகிவிட்டதாம்.

லாட்ஜுக்குத் திரும்பியவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பது பாகத்தில் மனிதன் மிதக்க மாட்டான் என்று அவர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து விளக்கைப் போட்டு, அவருடைய கார்டின் ஓரத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தேன். கணக்கில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது தெரிந்த விஷயம். ஆகவே மெதுவாகப் போட்டேன்.

குளிப்பவர் ஐம்பத்தைந்து கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழு மூச்சு இழுத்தால் மார்புக்குள் சுமார் ஆறு லிட்டர் காற்று. அதைச் சேர்க்காமல் உடம்பு அடைக்கும் இடம் ஐம்பத்தொன்றரை லிட்டர். ஆகமொத்தம் ஐம்பத்தேழரை. அவ்வளவு கடல் நீரின் எடை ஏறக்குறைய ஐம்பத்தொன்பது கிலோ. அதாவது, கடல் அவரை நாலு கிலோ அதிகமாகவே தாங்குகிறது. அதனால்தான் கல். பதினைந்து கிலோக் கல் தண்ணீருக்குள் சுமார் ஒன்பது கிலோவாகத்தான் இழுக்கும். அதில் நாலைக் கழித்தாலும் நேரே அடிக்குக் கொண்டுபோய்விடும்.

இனிமேல்தான் விஷயம். ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் ஏறுகிறது. பத்து மீட்டரில் அது கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. எலும்பையும் சதையையும் அது அவ்வளவாக நெருக்காது. மார்புக்குள் இருக்கும் காற்றை நெருக்கிவிடும். ஆறு லிட்டர் மூன்று லிட்டராகிறது. ஒரு பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த நீளம், ஆறு அடி. ஒன்பது பாகம் என்றால் ஐம்பத்து நாலு அடி, பதினாறரை மீட்டர். அங்கே ஆறு லிட்டர் மூச்சு இரண்டேகால் லிட்டராகச் சுருங்கிவிடும். ஐம்பத்தேழரை லிட்டர் மனிதன் ஐம்பத்து மூன்றே முக்கால் லிட்டர் ஆகிவிடுகிறான். அவ்வளவு கடல் நீரின் எடையைப் போட்டுப் பார்த்தேன்: ஐம்பத்தைந்து கிலோ. அவன் எடையும் அதுவே. மேலே தூக்கிவிட்ட அந்த நாலு கிலோவும் எங்கோ போய்விட்டது. கழுத்தில் சிப்பிப் பை வேறு. கல்லை விட்டுவிட்டால்கூட அவன் எழமாட்டான். எந்த உடம்பு மேலே முழுக மறுத்ததோ, அதே உடம்பு அங்கே எழ மறுக்கும்.

பெரியவர் சொன்னது சரி. நான் ஆள் உயரத் தண்ணீரில் மூன்று தடவை மேலே வந்ததை வைத்துக்கொண்டு சாஸ்திரம் பேசியிருக்கிறேன்.

கணக்கு முடிந்த பிறகும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. நான் ஒரு தடவை நிஜமாகவே ஆழத்துக்குப் போனவன். அப்போது நானாகவா மேலே வந்தேன்? கடன் முழுவதையும் பைசா பாக்கியில்லாமல் கட்டிவிட்டேன், உண்மைதான். ஆனால் அது மேலே வந்து மூச்சு விட்ட பிறகு கட்டியது.

மறுநாள் காலையில் ஓர் ஆட்டோவைப் பிடித்து உப்பளத்துக்குப் போனேன். வெயில் அதற்குள் கண்ணைக் கூசியது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. தூரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைத்துனர் குனிந்து நின்றார். ஒரு பாத்திரத்தில் பாத்தித் தண்ணீரை மொண்டு, அதில் கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பினார்.

"வாங்க மாப்பிள்ளை. எப்ப வந்தீங்க?"

"நேத்து, மச்சான்."

"எங்க தங்கினீங்க?"

"லாட்ஜுல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழாயைப் பார்த்து, "இருபத்து மூணு. இன்னும் ரெண்டு டிகிரி ஏறணும்" என்றார்.

என்ன என்று கேட்டேன். கேட்க ஒரு விஷயம் கிடைத்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். அவர் விளக்கினார். குழாயின் அடியில் ஈயக் குண்டு இருக்கிறது. அதனால் நிமிர்ந்து மிதக்கும். கடல் தண்ணீரில் விட்டால் நன்றாக அமிழ்ந்து மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பின் அடர்த்தி ஏறும். குழாயும் மேலே ஏறும். இருபத்தைந்தில் உப்பு விழத் தொடங்கும். முப்பதை எட்டுவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் உப்பு கசக்கும். விதை நெல்லில் பதர் பிரிக்க உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அதே வித்தைதான்.

"மச்சான், அந்தப் பணம்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியாது.

"வந்துச்சு மாப்பிள்ளை. மாசா மாசம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். குழாயைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தார். "நடுவுல ஒரு தடவை ரெண்டு மாசம் வரலை. எனக்குப் பயமாப் போச்சு. பணத்துக்கு இல்ல. தங்கச்சிக்குப் போன் போட்டு, மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டேன். நல்லா இருக்காருன்னா. நான் கேட்டதைச் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருந்தேன். சொல்லிட்டாளா?"

"இல்லை" என்றேன். "சொல்லவில்லை."

எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கயிற்றைச் சுண்டவே இல்லை. இவர் மேலே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். வெயில் அதிகமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாங்க, வீட்டுக்குப் போவோம். லாட்ஜுல போயி தங்கியிருக்கீங்க!" என்று அவர் முன்னால் நடந்தார். அந்தக் கலியாணப் பந்தியைப்பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மத்தியானம் மீன் குழம்பு. என் மனைவியைக் கூப்பிட்டு அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னேன். "அப்படியா?" என்றாள். குரலில் ஆச்சரியத்தைக் காட்டக் கூடாது என்று அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

நாவல் புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். கதாநாயகன் இப்போது தலைகீழாகப் பாய்வதில்லை. பதினைந்து கிலோக் கல்லில் கால் வைத்து நின்றபடி இறங்குகிறான். மேலே ஒருவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மனசுக்குள் எண்ணுகிறான். புத்தகத்தில் ஒரு பிரதியைப் பெரியவருக்கு அனுப்பி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கார்டு வந்தது. அதே பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.

"ஐயா, புத்தகம் வந்து சேர்ந்தது. பேரன் வாசித்தான். கல் சரி. கயிறும் சரி. ஆனால் கயிறு பிடிக்கிறவனுக்குப் பேர் வைக்க மறந்துவிட்டீர்கள்."

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். வள்ளத்துக்குக்கூடப் பேர் வைத்திருக்கிறேன். அவனை மட்டும் அத்தியாயம் முழுக்க 'அவன்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் வைக்க வேண்டும்.